புருவமில்லாத பொம்மைகள்

ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் நின்ற பொம்மைக்குப் புருவம் இல்லை.

முன்முடி நான்கு விரல் மேலே ஏறியிருந்தது. ஒரு பக்கம் மட்டும், நெற்றிப்பொட்டிலிருந்து தாடைவரை, அடுப்புக் கரியைத் துடைத்த கையால் தடவிவிட்டது போல ஒரு சாம்பல் நிறம்.

அவள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த கடையைப் பார்த்தாள். அங்கேயும் அதே முகம். எதிர்க்கடையிலும் அதே. செருப்புக்கடையில் வெறும் கால்கள்தான் நின்றன. அவை மட்டும் தப்பித்திருந்தன.

அது அவளுடைய முகம்.

ஒரு வருடமாக அதை அவள் டாக்டரைத் தவிர யாருக்கும் காட்டவில்லை, கடைத்தெருப் பக்கமும் வரவில்லை. முதலில் முன்முடி பின்வாங்கியது. பிறகு புருவம் சொல்லாமல் கொள்ளாமல் போனது. முடிவேர் இருந்த இடமெல்லாம் தழும்பாகிவிட்டது, இனி முளைக்காது என்றார் டாக்டர். முகத்தில் வந்து குடியேறியிருக்கும் கருமையும் அதன் பங்காளிதான், ஆனால் பயப்படாதீர்கள், ஒட்டுவாரொட்டி இல்லை என்றார்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெருவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

துணி எடுக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் புருவத்தை வழித்திருந்தார்கள். கன்னத்தில் சாம்பல் பூசியிருந்தார்கள். சவரக்கடை வாசலில் பெண்களுக்குத் தனி வரிசை. வழிக்க மனம் வராத ஒருத்தி, இருக்கும் புருவத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு சுவரோரமாகப் போனாள்.

ஊரில் இருக்கும் கடைப்பொம்மைகளுக்கெல்லாம் முகம் எழுதுகிறவர் அவள் வீட்டுக்காரர்.

காலையில் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று படுத்தவரும் அவர்தான். தைலம் வாங்கி வா என்று அவளை வெளியே கிளப்பியவரும் அவர்தான். கட்டினவளைக் கடைகடையாக நிறுத்திவைத்துவிட்டுத் தைலமா கேட்கிறார்? இன்றைக்கு இருக்கிறது அவருக்கு.

அதுசரி, அவர் எப்போது பார்த்தார்? சோறு போடும்போது முக்காடு. பேசும்போது முதுகு. படுக்கும்போது சுவர். காலையில் நிலைக்கண்ணாடி முன் உட்கார்ந்து களிம்பு தடவும்போது மட்டும்தான் முக்காட்டை எடுப்பாள். அப்போதும் அவர் அவளுக்குப் பின்னால், செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பார்.

காற்று அடித்தது. முக்காடு தோளில் விழுந்தது.

வாசலில் நின்ற விற்பனைப்பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முதலில் பொறாமை. அப்புறம் பரிதாபம்.

"அக்கா, கலரெல்லாம் அச்சு அசலா வந்திருக்கு. ஆனா பார்லர்ல உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க. எல்லாருக்கும் இடது பக்கம். உங்களுக்கு மட்டும் வலது பக்கம் பூசி விட்டிருக்காங்க பாருங்க."

அவள் பொம்மையைப் பார்த்தாள். இடது கன்னம். வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தாள். அத்தனையும் இடது கன்னம்.

இமை எழுதினால் ஒரு மயிரிழை பிசகாத மனிதர், ஊர் முழுக்க எப்படிப் பக்கம் மாற்றி எழுதினார்?

கண்ணாடிக்குள் வலது, இடதாகத்தானே தெரியும்.

அந்தச் செய்தித்தாளை அவர் ஒருநாளும் படிக்கவே இல்லை.

தைலத்தை மறந்து வீடு திரும்பினாள். ஜன்னலோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் பாய்ந்து போய்ப் படுத்துக்கொண்டு முனகினார். பிடித்துக்கொண்ட இடுப்புக்கு அது கொஞ்சம் அதிகமான பாய்ச்சல்.

"எந்திரிங்க. ஊரே தப்பா இருக்கு, சரிபண்ணணும்" என்றாள்.

முக்காட்டை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.