கார்லாவின் பீப்பாய்

அப்பா கோப்பையைக் கையில் வாங்கிவிட்டார்.

ஹேட்டி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். கல்யாணக் கொட்டகையின் அந்தக் கோடியில் பீப்பாய், இந்தக் கோடியில் அவள். நடுவில் நூறு பேர், நாற்காலிகள், பாட்டு நின்றதுகூடத் தெரியாமல் போல்கா ஆடிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள்.

குடிக்காதீங்கப்பா என்று கத்தலாம். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

விஸ்கான்சினில் அவர்கள் ஊரில், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் பீப்பாய் திறந்தால் முதல் கோப்பை, காய்ச்சத் தெரிந்த இன்னொருவருக்கு. எர்வின் அதை மீறியதே இல்லை. இன்றைய மணப்பெண்ணான தன் மகள் கார்லாவின் கல்யாணத்துக்கென்று அவர் மார்ச்சில் காய்ச்சி மூடி வைத்தார். ஏப்ரலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்றைக்கு வந்திருப்பவர்களில் காய்ச்சத் தெரிந்தவர் ஹேட்டியின் அப்பா ராஸ் ஒருவர்தான்.

ஒரே மடக்கில் அவருக்குத் தெரிந்துவிடும். அதில் இருப்பது அவரே காய்ச்சிய பீர்.

வியாழக்கிழமை எர்வினின் மனைவி லொரீன் கணவரின் பழைய பீப்பாய்களை விற்றார். ஒரு காலத்தில் சோடாக் கடைகளில் இருந்த, ஒல்லியான எவர்சில்வர் பீப்பாய்கள். விற்க வரிசையாக வைத்திருந்த ஐந்தையும் அப்பா வாங்கி ஏற்றி வந்து இறக்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். கழுவுவது ஹேட்டியின் பாடு.

ஐந்துமே கனத்தன. அவளுக்கு அது ஆச்சரியமில்லை. சுத்தம் பார்க்கிறவர்கள் பீப்பாயைச் சும்மா வைக்க மாட்டார்கள். கிருமி மருந்துத் தண்ணீரை நிரப்பி, காஸ் ஏற்றி மூடி வைப்பார்கள். எர்வின் சுத்தம் பார்க்கிற ஆள். முதல் நான்கிலும் அதுதான் இருந்தது. குழாயை மாட்டியதும் காஸ் தள்ள, நுரைநுரையாகச் சாக்கடைக்குப் போனது.

ஐந்தாவதற்கும் குழாயை மாட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். காதில் பாட்டு. கையில் மாற்ற வேண்டிய ரப்பர் வளையங்கள்.

பீர் வாசனை மூக்கில் ஏறியபோது பீப்பாய் வெறும் காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது.

கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு துண்டு டேப். அதில் பேனாவால் கார்லா என்று எழுதி, கீழே கல்யாணத் தேதி.

போன் வந்தது. லொரீன்.

"விருந்துச் சாமான் வைக்க இடம் வேணும்னு என் கொழுந்தன் நேத்தே பிரிட்ஜுல இருந்ததையும் எடுத்து வரிசையில வச்சிருக்கான், மடப்பய. அது கார்லாவோடது கண்ணு. அந்த மனுஷன் கையால எங்களுக்கு மிச்சம் அது ஒண்ணுதான். பத்திரமா இருக்குல்ல?"

கொட்டிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதற்கு லொரீன் அழுதிருப்பார். கூடவே இவளும் அழுதிருப்பாள். அதோடு போயிருக்கும்.

"இருக்கு," என்றாள் ஹேட்டி.

"அப்பாவைச் சனிக்கிழமை அப்படியே கொண்டு வரச் சொல்லு. நீயும் வா, கல்யாணத்துக்கு."

அப்பாவிடம் கோதுமை பீர் ஒரு பீப்பாய் நிறைய இருந்தது. நிறம் கிட்டத்தட்ட அதே நிறம். குழாய் போட்டு மாற்ற இருபது நிமிடம். அப்பாவின் பீப்பாயில் தண்ணீரைப் பிடித்து வைத்தாள். சனிக்கிழமை அப்பா கார்லாவின் பீப்பாயைக் கொட்டகைக்கு ஏற்றி வந்தார்.

"என்ன ராஸ், மோந்துக்கிட்டே நிக்கிற?" மாப்பிள்ளையின் மாமா ஒருவர் குரல் கொடுத்தார். "உள்ள எலி ஒண்ணும் செத்துக் கிடக்கல. ஊத்துய்யா வாயில!"

கொட்டகையே சிரித்தது.

அப்பா குடித்தார்.

கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு அவர் கண் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டு வந்தது. ஹேட்டியிடம் வந்து நின்றது.

"எங்கப்பா கைதானே?" கார்லா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க ராஸ். உங்களுக்குத்தான் தெரியும்."

ராஸ் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆமாம்மா. உங்கப்பா கையேதான்."

கைதட்டல். விசில். கார்லா அழுதுகொண்டே சிரித்தாள். கோப்பைகள் நாலா பக்கமும் போயின. அப்பா தன் கோப்பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். ஹேட்டியைத் தாண்டித்தான் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது கோப்பை லொரீனுக்கு. அவர் நிதானமாகக் குடித்தார். "அவரேதான்," என்று மகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். யார் யாருக்கோ தலையாட்டினார். கோப்பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹேட்டியிடம் வந்து, அவள் முழங்கையைப் பிடித்தார்.

அடிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

லொரீன் அவள் காதருகே குனிந்தார்.

"அவர் காய்ச்சுறப்போ போடுறதுக்குக் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் நான்தான் இடிச்சுக் குடுத்தேன். இதுல ரெண்டுமே இல்ல."

"கொட்டிட்டேன்," என்று ஹேட்டி அழ ஆரம்பித்தாள்.

"அழாத. கார்லா பாக்குறா. அவளுக்கு இது அவ அப்பாவோடதாவே இருக்கட்டும்." அவர் முழங்கையை விடவில்லை. "கல்யாணத்தன்னைக்குத்தான்னு சொல்லி என்னையே ஒரு சொட்டு தொட விடல அந்தாளு. கொட்டுறதுக்கு முன்னாடி நீயாவது நாக்குல வச்சுப் பாத்தியா? சொல்லு கண்ணு, எப்படி இருந்துச்சு?"