இழுபட்ட சட்டை

ஓவியர் ஆழியனின் எட்டடி எண்ணெய் ஓவியத்தில் ஐந்து வயது ஆழியன் கடலைப் பார்த்தபடி தன்னந்தனியாக நின்றான். முதலில் அவனுக்குப் பின்னால் அக்காவும் இருந்தாள். இப்போதெல்லாம் தனிமைக்குத்தான் மதிப்பு என்று கண்காட்சிக்காரர்கள் சொன்னதும், வண்ணம் காய்வதற்குள் அவளைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் மணலைப் பூசிவிட்டார். அவள் பிடித்திருந்த சட்டை நுனியைத் திருத்தத்தான் மறந்துபோனார். அது கூம்பாகப் பின்னால் இழுபட்டு நின்றது.

திறப்பு விழாவில் விமர்சகர் அந்த நுனியைச் சுட்டிக்காட்டி, “இது வரலாற்றின் காற்று” என்றார். கூட்டம் தலையாட்டியது.

முன்வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புனிதவதி அக்கா படத்தை உற்றுப் பார்த்தாள்.

“காத்தாமே. நான்ல புடிச்சிருந்தேன். ‘அக்கா விட்றாத, விட்றாத’ன்னு நீ போட்ட கூச்சல்ல வலை இழுத்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க சேகரு.”

“படத்துல நீ இல்லியேக்கா” என்றார், அக்காவுக்கு இன்னும் சேகராகவே இருந்த ஆழியன், மெதுவாக.

“கை வரையறது கஷ்டமாம்ல. அதனால என்ன, சட்டை அப்படியே வந்திருக்கே.”

தனிமையே தன்னை வளர்த்தது என்று பேசுவதற்காக அவரை மேடைக்கு அழைத்தார்கள். ஏறும்போது பலகைப் படி ஆடியது. பின்னாலிருந்து ஒரு கை அவருடைய பட்டு ஜிப்பாவின் நுனியை இறுக்கிப் பிடித்தது. படியை ஒட்டித்தான் மைக் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே அதன் முன்னால் நின்றார்.

“அக்கா, விட்றாத” என்றார்.