ராஜா காசும் தகர வில்லையும்

"இது மிகப் பழைய காசு. வடமேற்கே ஆண்ட ஒரு கிரேக்க ராஜா அடித்தது." மதாம் சூசைமேரி படத்தைத் தூக்கிக் காட்டினார். "ஒரு பக்கம் அவருடைய மொழி. மறுபக்கம் அங்கே வாழ்ந்த மக்களின் மொழி. தன் மொழி தெரியாதவர்களும் தன் மக்களே என்று அவர் ஒப்புக்கொண்டதற்கு இதுவே சாட்சி."

இவ்வளவையும் பிரெஞ்சில்தான் சொன்னார். அது 1935. புதுச்சேரியின் அந்தப் பெண்கள் பள்ளியில் தமிழ் வாசலோடு நின்றுவிட வேண்டும்.

ரோசாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை; தமிழிலேயே கத்திவிட்டாள். "நம்ம ரூபா நோட்டுலகூடத் தமிழ் இருக்குது மதாம்!"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமை மதாம் நின்று திரும்பிப் பார்த்தார்.

மதாம் சூசைமேரியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆணியில் கயிற்றோடு தொங்கிய தகர வில்லையை எடுத்துவந்து ரோசாவின் கழுத்தில் மாட்டினார்.

வகுப்பில் அடுத்து யார் தமிழ் பேசினாலும் வில்லை அவர்கள் கழுத்துக்குப் போய்விடும். மணி அடிக்கும்போது அதை மாட்டியிருப்பவருக்குத்தான் தண்டனை. ரோசா ஏற்கெனவே இருமுறை அகப்பட்டவள். இன்னொரு தரம் என்றால் பள்ளிக்கூடமே கிடையாது என்று தலைமை மதாம் அவள் அப்பாவைக் கூப்பிட்டே சொல்லியிருந்தார்.

பக்கத்தில் ஜஹபர் நிஷா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிர்த்தோழிதான். ஆனால் இந்த நேரத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?

ஒன்றுமே நடக்காததுபோல மதாம் சூசைமேரி பாடத்தைத் தொடர்ந்தார். மறுபடி அதே ராஜா, அவருடைய அதே பெருந்தன்மை.

ரோசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'செத்துப்போன ராஜாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? வேலையைக் காப்பாத்திக்க என்னைப் பிடிச்சுக் குடுத்துட்டாங்க!'

கூடவே அழுகையும் வந்தது. நாளையிலிருந்து வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மணி அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. தலைமை மதாம் வாசலில் வந்து நின்றார். "வில்லை யாரிடம் இருக்கிறது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

ரோசா எழுந்தாள்.

மதாம் சூசைமேரி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவளருகே வந்தார். வாசல்வரை கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"அதைக் கழட்டி என் கழுத்துல போடும்மா. கடைசியாத் தமிழ் பேசினது நான்தான்."