மஞ்சள் கட்டம்

"இந்த வீட்டுல ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

மேஸ்திரி பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. கூடம் முழுக்கச் சேறு.

மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "எவளைச் சொல்றீங்க? என்ன ஆச்சு?"

"எவளா? உன் அருமை மருமகதான்! குடிநீர்க் குழாய் பதிச்சுப் பதிச்சே என் தலை நரைச்சாச்சு. என் ஆளுங்கள்ல ஒருத்தனுக்கு விரல் நசுங்கியிருக்குமா இதுவரைக்கும்? அப்படிப்பட்ட எனக்கு நடுத்தெருவுல மஞ்சக் கட்டம் போட்டுட்டா!"

"கட்டமா? எதுக்கு?"

"பள்ளம் தோண்டற பொக்லைன் ரிவர்ஸ்ல வர்றப்போ நான் அதுக்குள்ளதான் நிக்கணுமாம். வண்டிக்குப் பின்னால சிவப்பு வெளக்கு வேற. பளிச் பளிச்சுன்னு சுத்துது. 'என்ன மேஸ்திரி, வீட்டுப்பாடம் எழுதலையா, டீச்சர் நிக்க வெச்சுட்டாங்களா'ன்னு பைப் இறக்கறவன் கேக்கறான். எல்லாப் பயலும் சிரிக்கறான்."

"அவளா பண்ணினா?"

"எங்க ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு அவ சொன்னாளாம், கம்ப்யூட்டர் சொல்லிச்சாம். நாளையோட அந்த வேலைக்கு ஒரு கும்பிடு. உன் பிள்ளையைப் பொண்டாட்டியோட வேற வீடு பார்க்கச் சொல்லு!"

குளியலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அவர் சொன்னால் செய்துவிடுகிற ஆள். வேலையும் போய், பிள்ளையும் போய், இந்த வீட்டில் யார் முகத்தை யார் பார்த்துக்கொண்டு உட்காருவது? அவள் நேராக மருமகள் அறைக்குப் போனாள்.

"ஏம்மா, மாமனாருக்கே குழி பறிக்கலாமா? செருப்புல மண்ணு ஒட்டாம வேலை பார்க்கற நீ, மண்ணுலயே கெடந்தவருக்குப் பாடம் நடத்தறியா?"

மருமகள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க அத்தை. இதைக் கொஞ்சம் பாருங்க."

கம்ப்யூட்டர் திரையில் ஊர் தெரிந்தது. வீடுகள் அல்ல, ஊருக்கு அடியில் இருக்கிற ஊர். ஒவ்வொரு தெருவுக்குக் கீழேயும் நீலமும் பச்சையுமாக நரம்புகள் ஓடின.

"அம்மாடி! ஊரோட தோலை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கே!"

"எந்தக் குழாய் எவ்வளவு பழசு, எங்க மண்ணு சரியும், எந்த லாரி எங்க நிக்குது, எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா எங்க சிக்கல் வரும்னு முன்னாடியே தெரிஞ்சுடும். முனைத் தெருவுல வண்டியை நிறுத்திட்டுக் கையால தோண்டினாங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா, சோம்பேறிப் பசங்கன்னு நான்கூடத் திட்டினேன்."

"அங்க பழைய கரண்ட் கேபிள் போகுது. எந்த வரைபடத்துலயும் கிடையாது. சுத்தி இருக்கற தெருவுலெல்லாம் கேபிள் எப்படிப் போகுதுன்னு கணக்குப் போட்டு, இங்க இருக்கும்னு இதுதான் சொல்லிச்சு. தோண்டினா அங்கயே இருந்தது."

மாமியார் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதுகூட வழிந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்தபடி, மண்ணுக்குள் கிடப்பதை ஒருத்தி சொல்கிறாள்!

சட்டென்று வந்த காரியம் நினைவுக்கு வந்தது. "அதெல்லாம் சரி. அந்த மனுஷனை எதுக்குக் கட்டத்துல நிறுத்தினே?"

மருமகள் எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். நரம்புகள் மறைந்தன. ஒரே தெருவில் சிவப்புப் புள்ளிகள் மட்டும் மொய்த்துக்கொண்டு நின்றன.

"இதெல்லாம் பொக்லைன் ரிவர்ஸ்ல வர்றப்போ யாரோ குறுக்க நின்னு, ஆபரேட்டர் கடைசி நொடியில பிரேக் போட்ட இடம். வண்டியில இருக்கற கேமராவுல பதிவாகுது."

"யாரு நின்னா?"

"மாமா."

"எல்லாமேயா?"

"எல்லாமே. ஆபரேட்டருங்களுக்கு அவர் மேல மரியாதை. ஒருத்தரும் வாயைத் திறக்கல."

"ஹாரன் அடிக்க வேண்டியதுதானே, படுபாவிங்க!"

"ஒவ்வொரு தடவையும் அடிச்சிருக்கு அத்தை. அதுவும் பதிவாகியிருக்கு. வண்டி அவருக்கு வலது பக்கமா வந்தா உடனே விலகிடறாரு. இடது பக்கமா வந்தா மட்டும் நகர்றதே இல்ல."

அவள் திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாயங்காலம். எதுவுமே நடக்காதது போல வந்து, கை கால் கழுவி, 'சாப்பாடு ஆச்சா' என்று அவர் கேட்ட சாயங்காலம். கூடவே படுத்து எழுந்தவளுக்குத் தெரியாததை இந்தப் பெட்டி கண்டுபிடித்திருக்கிறது.

"ஆபீசுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே?"

"மேலதிகாரிகிட்ட நானே சொல்லிட்டேன். இதை மறைக்கக் கூடாது அத்தை, உயிர் சமாச்சாரம். ஆனா கட்டம், வெளக்கு எல்லாத்தையும் எல்லாத் தெருவுக்கும் போடுங்க, ஒருத்தரை மட்டும் தனியாக் காட்டாதீங்கன்னு கேட்டேன். ஒத்துக்கிட்டார். இனிமே அந்த வெளிச்சத்தைப் பார்த்தே மாமா விலகிடலாம், வேலையும் பார்க்கலாம். மாமா வேலை பார்க்கற தெருவுலதான் ஆரம்பிச்சோம். அடுத்த வாரம் எல்லா மேஸ்திரிக்கும் காது பார்க்க டாக்டர் வர்றார்."

மாமியாருக்குக் கண் கலங்கியது. "இதை அவர்கிட்டயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. வாய்க்கு வந்தபடி உன்னை ஏசிட்டுப் போறாரே, பாவி மனுஷன்!"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மருமகள் திரையை மூடினாள்.

"டாக்டர் பக்குவமா சொல்லட்டும். அதுவரைக்கும் என்னையே ஏசட்டும் அத்தை. தனக்கு ஒரு காது கேக்கலைங்கறது மாமாவுக்கே இன்னும் தெரியாது."