'உதவி மேலாளர்' என்றொரு வரி

எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே முகத்தோடு திறக்கிற ஜன்னல் ஒன்றில் பதவிகளின் பட்டியல் இருந்தது. அதில் ஒரு வரி, 'உதவி மேலாளர்'. முதல் சொல் அதற்கு வெகுகாலமாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஒருநாள் யாரோ மவுஸால் அந்த வரியில் இரண்டு தட்டுத் தட்டியதில், எழுத்தைத் திருத்தும் பெட்டி அதன்மேல் வந்து உட்கார்ந்தது.

"தம்பி, அந்த 'உதவி'யை மட்டும் எடுத்துடேன்" என்றது வரி.

பெட்டி எடுத்தது. "சார், இனி என்டர் தட்டணும். அப்பதான் உள்ளே இருக்கிற பதிவேட்டில் ஏறும்."

"பதிவேடு ஆயிரம் கேள்வி கேட்கும். வெளியே தெரியுதுல்ல, போதும்."

கீழ் வரியான 'தட்டச்சர்' உடனே வணக்கம் வைத்தது. "மேலாளர் ஐயா, நம்மளையும் கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

"பார்க்கலாம், பார்க்கலாம்." வரியின் குரல்கூடக் கனத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பட்டியலை யாரோ கீழே உருட்டி, மறுபடி மேலே உருட்டினார்கள். மறைந்து திரும்பும் வரியைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் புதிதாக எழுதுவது அந்த ஜன்னலின் வழக்கம். 'உதவி மேலாளர்' என்று ஓர் எழுத்துக் குறையாமல் எழுதியது.

தட்டச்சர் ஏற இறங்கப் பார்த்தது. "மேலாளர் ஐயா எங்கே?"

வரி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"லீவு. அவர் வர்ற வரைக்கும் நான்தான் பொறுப்பு."