நீல வழி

வேலியைத் தாண்ட வைத்திருந்த மரப்படியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியதும் பாதை காணாமல் போயிருந்தது.

எதிரே கோதுமை. இடுப்பளவுக்கு.

பொதுப்பாதை என்று காட்டக் கம்பத்தில் அடித்திருந்த மஞ்சள் அம்பு நேராக அதற்குள்ளேயே போகச் சொன்னது.

அவன் கையிலிருந்த தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். ஊர் ஓட்டக்காரர் சங்கம் அச்சடித்துக் கொடுத்த தாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தான். பச்சை வழி, நீல வழி, சிவப்பு வழி. அவன் மனைவி தையல்நாயகி தினமும் ஓடுவது நீல வழி. சர்ச்சுக்குப் பின்புறம் தொடங்கி, காடு, கோதுமை வயல், ஓடைப் பாலம், மறுபடி ஊர். நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தது.

அவளுக்கு எப்போதும் ஐம்பத்தைந்து.

இன்று இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது.

தினமும் கூடும் அந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான் நேற்று இரவு கேட்டான். முதலில் கேலியாகத்தான் கேட்டான். ஆமைகூட அதற்குள் வீடு வந்து சேர்ந்திருக்கும் என்றான்.

“சொன்னா நீங்க சிரிப்பீங்க” என்று அவள்தான் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் என்னவோ அவனுக்குச் சுருக்கென்றது.

“தினமும் பதினஞ்சு நிமிஷம். யாரைப் பாத்துட்டு வர்றே?”

சிரிப்பு நின்றது. அவள் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் ஆள் இல்லை. ஆறரைக்குக் கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. எட்டு மணிக்கு அலமாரியைத் திறந்து அவளுடைய பெட்டி இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. பாஸ்போர்ட்டும் இருந்தது. மூடிவிட்டு இன்னொரு தடவை திறந்து பார்த்தான்.

பிறகுதான் தாளைப் பிய்த்தான்.

காட்டுக்குள் பாதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றும் ஒன்றுபோல இருந்தன. ஒன்றில் போய் ஒரு குதிரையின் முகத்துக்கு நேரே நின்றான். இன்னொன்று அவனைப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. மூன்றாவது இந்த மரப்படி.

பின்னால் நாய் குரைத்தது. கையில் தடியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர்.

சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டான். உதட்டைப் பிதுக்கினார். இப்போதுதான் வருகிறாராம்.

“ஏன் நிக்கிறீங்க? உள்ள போங்க. அதுதான் பாதை. அது மேல விதைச்சது வயல்காரன் தப்பு. நாம மிதிக்காம விட்டா அடுத்த வருஷம் பாதையே இருக்காது.”

சொன்னதோடு விடவில்லை. தடியால் கதிரை விலக்கி அவரே நாலடி மிதித்துக் காட்டினார். பெரிய கடமையை முடித்தவர்போல நாயை இழுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார்.

அவன் இறங்கினான்.

காலுக்கடியில் கோதுமைத் தண்டு நெரிந்தது. கதிர்கள் முழங்கையில் உரசின. வேண்டாத நேரத்தில் வேண்டாத ஞாபகம். கல்யாணமான புதிதில், சீர்காழிப் பக்கம் மாமனார் வயலில், வரப்பு வழுக்கி நடவுக்குள் கால் வைத்துவிட்டான். அம்பத்தூரில் வளர்ந்தவனுக்கு வரப்பு என்ன தெரியும்? அவள்தான் சேற்றில் இறங்கி நாலு நாற்றையும் நிமிர்த்தி வைத்தாள். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

அது அந்த ஊர். இங்கே வந்து அவள் மாறிவிட்டாள். முடியைக் கத்தரித்துக்கொண்டாள். அரைக்கால் சட்டையோடு ஓடுகிறாள்.

வேகமாக நடந்தான்.

வயலின் மறுகோடியில் இன்னொரு மரப்படி. அதன் கீழே ஈர மண். மண் முழுக்கக் காலடிகள்.

குனிந்து பார்த்தான். இதில் எது அவளுடையது?

அவள் ஷூவின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பாலம் வரை ஓடினான். யாரும் இல்லை. திரும்பி ஓடிவந்தான். பாதி வயலில் மூச்சு வாங்கி நின்றான். நாலு பக்கமும் கோதுமை. எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவது என்றே விளங்கவில்லை. ஒரு பக்கம் பார்த்துக் கூப்பிட்டான்.

“நாயகீ!”

காக்கைக் கூட்டம் ஒன்று எழுந்து அடங்கியது.

“நாயகீ!”

“இங்க!”

எங்கிருந்து?

இடது பக்கம். வெகுதூரத்தில், வயலின் ஓரத்தில், முள்வேலியை ஒட்டிய புல்லில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் நீட்டியபடி இருந்தது. கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

முயல் வளையில் மாட்டியிருக்க வேண்டும். ஓரமெல்லாம் வளைதான்.

பாதையில் வந்தவள் அங்கே எப்படிப் போனாள்?

யோசிக்க நேரமில்லை. பாதையை விட்டு, அவளைப் பார்த்து நேராகக் கோதுமைக்குள் பாய்ந்தான். ஓர் அடி. இரண்டு. மூன்று.

“அய்யய்யோ, பயிர மிதிக்காதீங்க!” வலியை மீறி வந்தது குரல். “சுத்தி வாங்க!”

நின்றான்.

சுற்றிலும் பார்த்தான். மரப்படியிலிருந்து வேலியை ஒட்டி, புல்லில் ஒற்றையடித் தடம் ஒன்று வயலை முழுதாக வளைத்து வந்தது. ஒரே ஆள் நாள்தோறும் ஓடி ஓடித் தேய்ந்த தடம்.

அதில் வந்தால் எவ்வளவு நேரம் கூடும் என்று கண்ணாலேயே அளந்தான்.

பதினைந்து நிமிடம்.

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.