கள்ளிக்கொடிக்கு ஓர் இடம்

தையற்காரர் பிளாஸ்டிக் டப்பாவின் மூடியைத் தூக்குகிறார். உட்புறம் கோத்திருந்த நீர்முத்துகள் உருண்டு ஈர மணலில் விழுகின்றன. வேலையில்லாமல் இங்கே தங்கியிருந்த மச்சினன், டிராகன் பழம் தின்ற கையோடு விதைகளைக் கழுவித் தூவியதில் முளைத்த கள்ளி நாற்றுகள் இவை. வேலை கிடைத்து அவன் வெளியூர் போய்விட்டான். டப்பா மட்டும் துணி வெட்டும் மேசையிலேயே இருக்கிறது. இரட்டை இலைகளின் நடுவே, முள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிற பொடி மயிர்கள். ஒரு மூலையில் வெள்ளைப் பூசணம் படர்ந்து நாலைந்து நாற்றுகள் தலைசாய்ந்திருக்கின்றன. பட்டுத்துணியில் தவறிய தையலைப் பிரிப்பதுபோல, மூச்சை அடக்கிக்கொண்டு, அழுகியவற்றை மட்டும் ஊசிமுனையால் மண்ணோடு தோண்டி எடுக்கிறார். "அந்தச் சனியனத் தூக்கி வெளிய வைடான்னு அவன்கிட்ட எத்தன தடவ கத்தியிருப்பீங்க," என்று கதவோரம் நின்று மனைவி சிரிக்கிறாள். "இப்ப நான் வெச்சிரட்டுமா?" "வெயில்ல கருகிடும். நீ சும்மா இரு." காற்றுப் போக மூடியின் இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகுகிறார். மெஷின் ஓசையில்லாத அறையில் ஜன்னல் வெளிச்சம் அந்தப் பச்சைப் பொடிகளின் மேல் நிற்கிறது. அவள் உள்ளே போனதும் மச்சினனுக்குப் போன் போடுகிறார். "கொடி ஏற எவ்ளோ நாளாகும்டா?" "வருஷக் கணக்காகும் மாமா. ஏன், தூக்கிப் போட்டுட்டீங்களா?" அவர் ஜன்னலையே பார்க்கிறார். "இந்த ஜன்னல் கம்பி அதோட கனத்தத் தாங்குமாடா?"